ஐம்பத்து மூன்றாவது ஆள்



காற்பந்து என்றதும் நம் கண்முன் வருவது உருண்டைப் பந்தும், அதைக் காலால் உதைத்து ஆடும் பதினொரு பேரும்தாம். ஆனால் அமெரிக்காவில் காற்பந்து என்றால் அது வேறோர் ஆட்டம். பந்து முட்டை வடிவில் இருக்கும். பெரும்பாலும் அதைக் கையால் எறிவார்கள். கையில் ஏந்திக்கொண்டு ஓடுவார்கள். ரக்பி ஆட்டத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு அதன் சாயல் விளங்கும். தலைக்கவசமும் தோள் காப்பும் அணிந்து, ஒருவர்மேல் ஒருவர் முழு வேகத்தில் மோதும் ஆட்டம் அது. ஆகவே அதில் காயம் என்பது எப்போதாவது நேரும் விபத்து அன்று, வாரந்தோறும் எதிர்பார்க்கப்படுவது.

காயம் உள்ள இடத்தில் மாற்று ஆட்டக்காரர் வேண்டும். அந்த மாற்று ஆட்டக்காரர் ஒரு தொழில்முறைக் குழுவில் எப்படி இடம் பிடிக்கிறார்? நட்சத்திர ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசுவோர் பலர் உண்டு. இன்று நாம் வரிசையில் கடைசியில் நிற்பவரைப் பற்றிச் சிறிது நேரம் பேசுவோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவின் தேசியக் காற்பந்து லீக்கில் 32 குழுக்கள் இருக்கின்றன. ஜூலை மாத இறுதியில் பயிற்சி முகாம் தொடங்கும்போது ஒவ்வொரு குழுவும் 90 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்டு மாத இறுதியில் அந்த எண்ணிக்கை 53 ஆகக் குறைக்கப்பட வேண்டும். குழுவுக்கு 37 பேர் வெளியேற வேண்டும் என்றால், 32 குழுக்களிலும் சேர்த்து ஏறத்தாழ 1,180 பேர் வேலை இழக்கிறார்கள். முன்பு இது இரண்டு மூன்று கட்டங்களாக நடந்தது. 2023 முதல் ஒரே கெடு நாளில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

எஞ்சிய 53 பேரில் முதல்நிலை ஆட்டக்காரர்கள் எத்தனை பேர்? இந்த ஆட்டத்தில் தாக்குவதற்குப் பதினொருவர், தற்காப்பதற்கு வேறு பதினொருவர். பந்து கைமாறும்போது ஒரு கூட்டம் வெளியே போகும். மற்றொரு கூட்டம் உள்ளே வரும். இந்த 22 பேருடன், பந்தை உதைப்பதற்கென்றே இருவர், உதைப்பவருக்குப் பந்தைப் பின்னால் அனுப்ப ஒருவர். ஆக 25 பேர். மீதமுள்ள 28 பேரும் மாற்று ஆட்டக்காரர்களே. அதாவது, குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாம் வரிசைக்காரர்கள்! ஆட்ட நாளன்று 53 பேரும் சீருடை அணிவதில்லை. 48 பேர் வரைதான் களமிறங்கத் தகுதி பெறுவார்கள். எனவே வெறுமனே காத்திருப்பதற்கென்று ஓர் ஆளை வைத்துக்கொள்ள எந்தக் குழுவுக்கும் கட்டுப்படியாகாது.

இங்கேதான் முக்கியமான செய்தி இருக்கிறது. மாற்று ஆட்டக்காரர் இடம் பெறுவது, முதல்நிலை ஆட்டக்காரரைப் போலவே ஆடிக் காட்டுவதால் மட்டும் அன்று. முதல்நிலை ஆட்டக்காரர் செய்யாத வேலையைச் செய்வதால்தான்.

அது என்ன வேலை? தாக்குதல், தற்காப்பு ஆகிய இரண்டையும் தவிர மூன்றாவது ஒரு பிரிவு இந்த ஆட்டத்தில் உண்டு. அதைச் சிறப்புக் குழு என்பார்கள். பந்தை உதைக்கும் நேரங்களில் களமிறங்குவது இந்தக் குழு. ஆட்டத்தைத் தொடங்கும் உதை, பந்தைத் தொலைவுக்கு அனுப்பும் உதை, புள்ளி எடுப்பதற்காகக் கம்பங்களுக்கிடையே அடிக்கும் உதை என உதைகள் மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் உதைக்கும் பக்கம் ஒன்று, எதிர்க்கும் பக்கம் ஒன்று. ஆக ஆறு பிரிவுகள். எதிரி பந்தைப் பிடித்து ஓடி வரும்போது பாய்ந்து சென்று அவரை வீழ்த்த வேண்டும். அல்லது தம் ஆள் ஓடுவதற்கு வழி விலக்கித் தர வேண்டும். பெரும் சம்பளம் வாங்கும் நட்சத்திரங்களை இதற்கு அனுப்பப் பயிற்றுநர்கள் தயங்குவார்கள். காயம் பட்டால் இழப்பு பெரிது அல்லவா? ஆகவே இந்த வேலை இரண்டாம் வரிசைக்காரர்களுக்கு வருகிறது. இந்த ஆறு பிரிவுகளில் நான்கில் பயன்படும் ஓர் ஆள், இரண்டில் மட்டும் பயன்படும் ஆளைவிட மதிப்புள்ளவர். பட்டியலின் கடைசி ஐந்தாறு இடங்களை முடிவு செய்யும்போது, சிறப்புக் குழுவின் பயிற்றுநர் சொல்லுக்குத் தனி எடை உண்டு.

ஸ்டீவ் டாஸ்கர் என்பவரை எடுத்துக்கொள்வோம். 175 சென்டிமீட்டர் உயரம், 83 கிலோகிராம் எடை. இந்த ஆட்டத்துக்கு அது சிறிய உடல். 1985ஆம் ஆண்டுத் தேர்வில் ஒன்பதாம் சுற்றில்தான் ஹியூஸ்டன் குழு அவரை எடுத்தது. மறு ஆண்டே கைவிட்டது. பஃபலோ பில்ஸ் குழு அவரை எடுத்துக்கொண்டது. அங்கே அவர் பந்தைப் பிடிக்கும் வரிசையில் அதிகம் ஆடவில்லை. உதைத்த பந்து தரையைத் தொடுமுன் அது விழும் இடத்துக்கு ஓடிச் சென்று, பந்தைப் பிடித்தவரை அங்கேயே வீழ்த்துவதைத் தம் தொழிலாக்கிக்கொண்டார். அந்த ஒரு வேலைக்காகவே, லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் கூடும் புரோ பௌல் ஆட்டத்துக்கு ஏழு முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். மற்றவர்கள் சிறியதென்று நினைத்த வேலையை அவர் சிறியதென்று நினைக்கவில்லை.

இரண்டாவது வழி, ஒருவரே இரண்டு மூன்று இடங்களில் ஆடத் தெரிந்திருப்பது. தாக்கும் வரிசையின் முன்னணியில் ஐந்து பருத்த உடல்காரர்கள் நின்று காவல் செய்வார்கள். அந்த ஐவருக்கும் தனித்தனியே மாற்று ஆள் வைக்க இடம் போதாது. ஆட்ட நாளில் இரண்டு மூன்று பேரைத்தான் கூடுதலாக வைத்திருப்பார்கள். எனவே நடுவில் நிற்பவரின் இடத்திலும் அவருக்கு இருபுறமும் நிற்போர் இடத்திலும் ஆடத் தெரிந்தவர், ஓர் இடத்தில் மட்டும் திறமை காட்டுபவரை முந்திக்கொள்கிறார். ஒரே ஆளை வைத்து இரண்டு ஓட்டையை அடைக்க முடிந்தால் எந்தக் குடும்பத் தலைவிதான் வேண்டாம் என்பார்? பயிற்றுநரும் அப்படித்தான் கணக்குப் பார்க்கிறார்.

மூன்றாவது, தலைக்குள் இருக்கும் பாடம். ஒவ்வொரு குழுவுக்கும் நூற்றுக்கணக்கான உத்திகள் அடங்கிய ஆட்டத் திட்ட நூல் உண்டு. முன்பு தடித்த ஏடாக இருந்தது. இப்போது கைக்கணினியில் இருக்கிறது. முதல்நிலை ஆட்டக்காரருக்கு வாரம் முழுவதும் களத்தில் ஒத்திகை கிடைக்கும். மாற்று ஆட்டக்காரருக்கோ மிகச் சில ஒத்திகைகளே கிடைக்கும். மற்றதை அவர் கண்ணால் பார்த்தும், ஒளிப்பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தும் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். உடல் வலிமை இருந்தும், எங்கே நிற்பது என்று ஒரு முறை தடுமாறியதால் பட்டியலிலிருந்து நீக்கப்படுவோர் உண்டு. பயிற்சிகள் அனைத்தும் படம் பிடிக்கப்படுகின்றன. இரவில் பயிற்றுநர்கள் அதைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் இடுகிறார்கள். மேற்பார்வை இல்லாத நேரம் என்று எதுவும் அங்கே இல்லை.

நான்காவது, கிடைக்கும் சில நிமிடங்கள். பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு குழுவும் மூன்று முன்னோட்ட ஆட்டங்கள் ஆடும். அவற்றின் முடிவு எந்தக் கணக்கிலும் சேராது. நட்சத்திரங்கள் சிறிது நேரம் ஆடிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பார்வையாளர்கள் பாதிப்பேர் எழுந்து போன பிறகு, பிற்பாதியில் ஓடுகிறவர்களுக்குத்தான் அது வாழ்வா சாவா என்ற ஆட்டம்.

இனி, கெடு நாள் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். காலையில் குழு அலுவலர் ஒருவர் ஆட்டக்காரரைத் தேடி வருவார். தலைமைப் பயிற்றுநர் கூப்பிடுகிறார், ஆட்டத் திட்ட நூலை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பார். அதற்குப் பொருள் எல்லாருக்கும் தெரியும். இந்தச் செய்தி கொண்டுவருபவருக்கு ஆட்டக்காரர்கள் 'துருக்கியர்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கதை அத்துடன் முடிவதில்லை. நான்கு பருவத்துக்குக் குறைவாக ஆடிய ஒருவரை ஒரு குழு விடுவித்தால், 24 மணி நேரத்துக்குள் மற்றக் குழுக்கள் அவரைக் கேட்டுப் பெறலாம். பலர் கேட்டால், முந்திய பருவத்தில் மிக மோசமாக ஆடிய குழுவுக்கே முதலிடம். ஒருவரும் கேட்காவிட்டால் அவர் பயிற்சிக் குழுவில் சேரலாம். 2020 முதல் ஒவ்வொரு குழுவும் இப்படி 16 பேரை வைத்துக்கொள்கிறது; வெளிநாட்டு ஆட்டக்காரருக்குத் தனி இடம் ஒன்றும் பிறகு சேர்ந்தது. பணத்தில் வேறுபாடு பெரிது. 2024ஆம் ஆண்டில் 53 பேரில் ஒருவரான புதியவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 7,95,000 அமெரிக்க டாலர். பயிற்சிக் குழுவிலிருந்த புதியவருக்கு வாரம் 12,500 டாலர். 18 வாரமும் நீடித்தால் 2,25,000 டாலர். அதுவும் வாரத்துக்கு வாரம் நிச்சயமில்லாத வேலை.

பயிற்சிக் குழுவினரின் வேலை, அடுத்து மோதப்போகும் எதிரியைப் போல நடித்துக் காட்டுவது. எதிரியின் உத்திகளை அட்டையில் எழுதித் தருவார்கள். இவர்கள் அப்படியே ஆடுவார்கள். முதல்நிலை ஆட்டக்காரர்கள் அவர்களை எதிர்த்துப் பழகுவார்கள். பார்ப்பவர் இல்லாத உழைப்பு. ஆயினும் அது வீணாவதில்லை என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன்.

மால்கம் பட்லர் என்ற இளைஞரை 2014ஆம் ஆண்டுத் தேர்வில் 32 குழுக்களில் எதுவும் எடுக்கவில்லை. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் குழு சோதித்துப் பார்க்க அழைத்தது. அங்கே இடம் பிடித்தார். 2015 பிப்ரவரி முதல் நாள் நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டத்துக்குத் தயாராகும்போது, சியாட்டல் குழுவின் ஒரு குறிப்பிட்ட உத்தியைச் சக ஆட்டக்காரர்கள் ஆடிக் காட்டினார்கள். பட்லர் தாமதமாக நகர்ந்து ஏமாந்தார். அந்தத் தவறு அவர் மனத்தில் பதிந்தது. இறுதியாட்டத்தில் அரை நிமிடத்துக்கும் குறைவான நேரமே இருந்தபோது, கோட்டுக்கு ஒரு கஜத் தொலைவில் சியாட்டல் அதே உத்தியைக் கையாண்டது. மாற்று ஆட்டக்காரராகக் களத்தில் இருந்த பட்லர் இம்முறை முந்திப் பாய்ந்து பந்தைப் பறித்தார். அவர் குழு 28க்கு 24 என்று வென்றது.

காத்திருப்பின் நீளத்துக்குக் கர்ட் வார்னர் எடுத்துக்காட்டு. 1994இல் கிரீன்பே குழுவின் முகாமிலிருந்து அனுப்பப்பட்டார். அயோவா மாநிலத்தில் ஒரு மளிகைக் கடையில் மணிக்கு 5 டாலர் 50 காசுக்கு இரவில் அலமாரிகளில் சரக்கு அடுக்கினார். பிறகு உள்ளரங்கக் காற்பந்திலும், ஆம்ஸ்டர்டாமிலும் ஆடினார். 1998இல் செயிண்ட் லூயிஸ் ராம்ஸ் குழுவில், ஆட்டத்தை இயக்கும் குவாட்டர்பேக் வரிசையில் மூன்றாம் ஆளாக இடம் கிடைத்தது. 1999இல் முன்னோட்ட ஆட்டம் ஒன்றில் முதல்நிலை ஆட்டக்காரருக்கு முழங்கால் அடிபட, வார்னர் முன்னே வந்தார். அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும், 2000 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌல் வெற்றியும் அவருக்குக் கிடைத்தன. 2017இல் அவர் பெயர் புகழ் மண்டபத்தில் சேர்ந்தது.

எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை, நேயர்களே. அந்த 1,180 பேரில் பலர் மீண்டும் பயிற்சிக் குழுவுக்குக்கூட அழைக்கப்படுவதில்லை. அவர்களும் உழைத்தவர்களே. உழைப்பு இடத்தை உறுதி செய்வதில்லை. இடம் திறக்கும் நாளில் உள்ளே நுழையத் தகுதியுள்ளவராக வைக்கிறது. அவ்வளவுதான் அது தரும் வாக்கு.

1972இல் மயாமி டால்பின்ஸ் குழுவின் குவாட்டர்பேக் ஐந்தாம் ஆட்டத்தில் காலை முறித்துக்கொண்டார். அவருக்குப் பதிலாக இறங்கியவர் 38 வயதான ஏர்ல் மோரல். வேறொரு குழு விடுவித்தபோது வெறும் 100 டாலருக்குக் கிடைத்தவர். லீக்கில் எஞ்சியிருந்த ஒன்பது ஆட்டங்களையும் அவரே தொடங்கி வைத்தார். ஒன்பதிலும் குழு வென்றது. முதல் ஆட்டத்திலிருந்து சூப்பர் பௌல் வரை ஒரு தோல்விகூட இல்லாமல் ஒரு பருவத்தை முடித்த குழு, இன்றுவரை அது ஒன்றே. அந்தச் சாதனையைப் பற்றிப் பேசும்போது, ஓரத்தில் உட்கார்ந்திருந்த அந்த மூத்த ஆட்டக்காரரை விட்டுவிட்டுப் பேச முடியாது.

அடுத்த முறை எந்தக் குழுவின் ஆட்டத்தைப் பார்த்தாலும், களத்தின் ஓரத்தில் கவசத்தைக் கழற்றாமல் நிற்பவரையும் ஒரு முறை பாருங்கள். அவரும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்.