நிலவறையில் நீலச் சுடர்

நியூயார்க்கில் குளிர்காலத்துக்கும் சட்டம் உண்டு. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 55 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால், பகலில் வாடகைக்கு இருப்பவரின் அறை 68 டிகிரியாவது இருந்தாக வேண்டும். நம் கணக்கில் 20 செல்சியஸ். பழைய கட்டடங்களில் இந்தச் சூட்டைத் தருவது நிலவறையில் கிடக்கும் பாய்லர். அது நீரை ஆவியாக்கி அனுப்ப, ஆவி மாடி மாடியாக ஏறி ஜன்னலோர இரும்பு ரேடியேட்டர்களைச் சுடவைத்துவிட்டு, நீராகிக் கீழே இறங்கும். ஏறும் ஆவியும் வடியாமல் தேங்கிய நீரும் குழாய்க்குள் மோதிக்கொண்டால், நள்ளிரவில் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோலக் கேட்கும்.

பல பெரிய கட்டடங்களில் இந்தப் பாய்லர்கள் நெடுங்காலம் குடித்தது ‘ஆறாம் நம்பர்’ எண்ணெய். கச்சா எண்ணெயில் பெட்ரோல், டீசல் எல்லாம் வடித்தெடுத்த பிறகு அடியில் தங்குவது. நம் ஆலைகளில் ஃபர்னஸ் ஆயில் என்கிறார்களே, அதன் இனம். குளிரில் தார்போல இறுகிவிடும். சூடாக்கினால்தான் பம்ப் இழுக்கும். இன்னும் சூடாக்கினால்தான் பொடித்துளியாகத் தெளிக்கும். சூடு கொடுக்க வேண்டிய எண்ணெய்க்கே முதலில் சூடு கொடுக்க வேண்டிய கூத்து! மலிவு என்பதால் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் புகை? கனத்த எண்ணெய் எரித்தவை சுமார் 10,000 கட்டடங்கள்தான், நூற்றுக்கு ஒன்று. அவை கக்கிய கரித்துகளோ, ஊரிலுள்ள கார், லாரி எல்லாம் விட்டதைவிட அதிகம் என்றது நகர நிர்வாகம். 2011இல் விதி வந்தது. 2015 முடிவதற்குள் ஆறாம் நம்பர் ஒழிந்தது. சிலர் இலகுவான எண்ணெய்க்குப் போனார்கள், பலர் இயற்கை எரிவாயுவுக்கு.

வாயுவுக்கு மாற, பாய்லரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இரும்பு உடம்பு நன்றாக இருந்தால் அதன் வாயில் பொருத்திய பர்னரை மட்டும் மாற்றலாம். புது பர்னர் ஸ்விட்ச் போட்டதும் எரிந்துவிடாது. முதலில் விசிறி ஓடி, உள்ளே தங்கிய வாயுவை வெளியே தள்ளும். அடுத்து ஒரு சின்னச் சுடர். அது எரிகிறதா என்று மின்கண் ஒன்று உற்றுப் பார்க்கும். எரிந்தால்தான் பெரிய வால்வுகள் திறக்கும். வரிசையாக இரண்டு வால்வு; ஒன்று கைவிட்டாலும் மற்றது மூடிக்கொள்ள. சுடர் அணைந்தால் சில விநாடிகளில் வாயு நின்றுவிடும்.

இதுவரை எளிது. தலைவலி கூரைக்குப் போகும் புகைபோக்கியில். மீத்தேனில் ஹைட்ரஜன் அதிகம். ஒரு கனமீட்டர் எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் நீர், ஆவியாகப் போகும். எண்ணெய்ப் புகைக்கென்று அகலமாகக் கட்டிய செங்கல் புகைபோக்கியில் இந்த ஈரப்புகை ஆறி, சுவரில் வியர்க்கும். அங்கே பல வருடக் கரி, கந்தகத்தோடு காத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அமிலம். காரை அரிக்கும், கரி உதிர்ந்து அடியை அடைக்கும். வழி அடைந்தால் கார்பன் மோனாக்சைடு, வாசனையே இல்லாமல், கட்டடத்துக்குள் திரும்பும். அதனால்தான் உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்குகிறார்கள். இருபது மாடி உயரத்துக்கு இறக்குவது என்றால் செலவு பர்னரோடு போட்டி போடும். இந்தச் செலவினத்தை விட்டுவிட்டுக் குறைந்த விலை சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

அதே சூட்டுக்கு எண்ணெயைவிட வாயு ஏறக்குறைய கால்பங்கு குறைவாகவே கரியமில வாயு விடும். ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன் பூமியைச் சுடவைப்பதில் படு கெட்டிக்காரன். 2021இல் அதே நகரம், புதிய கட்டடங்களில் வாயு எரிப்பதையும் படிப்படியாக நிறுத்தச் சட்டம் போட்டது.

வாயுவுக்கு மாறுவதில் கடைசி வேலை நடைபாதையில். பழைய எண்ணெய்த் தொட்டியைக் கழற்றியவர்கள், லாரிக்காரர் எண்ணெய் ஊற்றும் குழாயை மறந்துவிடுவதுண்டு. முகவரி மாறி வரும் லாரி, குழாயைக் கண்டதும் ஹோஸை மாட்டிவிடும். தொட்டியில்லாத நிலவறையில் நூற்றுக்கணக்கான லிட்டர் தரையில் கொட்டும். ஆகவே குழாயைப் பிடுங்கி, ஓட்டையைச் சிமென்ட் வைத்துப் பூசிய பிறகே ஆளை அனுப்ப வேண்டும்.