சைக்கிளில் சுமை ஏற்றும் முறை

நெய்த சேலைகளையோ விளைந்த காய்கறிகளையோ சைக்கிளில் கொண்டு செல்லும் அங்கத்தினர்கள் ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஓட்டுபவரின் எடையிற் பாதிக்கு மேல் பின்சக்கரமே தாங்குகிறது. அதன்மேல் சுமை முழுவதையும் கேரியரில் உயர அடுக்கினால், முன்சக்கரம் இலேசாகிக் கைப்பிடி தள்ளாடும். திருப்பத்தில் வண்டி சாயும்.

ஆகவே, கனமான பொருள்களைச் சம எடையுள்ள இரு பைகளாக்கிப் பின்சக்கரத்தின் இருபுறமும், குதிகால் இடியாதவாறு, தாழத் தொங்கவிடுக. சிறு பங்கை முன்புறம் வைக்கலாம். இலேசானவற்றை மட்டும் மேலே வைத்து இறுகக் கட்டுக. கயிற்று நுனி சக்கரக் கம்பிகளிற் சிக்கலாகாது. டயர்களில் காற்று போதிய அளவு இருத்தல் வேண்டும்.

சுமையேற்றிய வண்டி உடனே நில்லாது. இறக்கத்தில் முன்னதாகவே பிரேக்கைப் பிடித்தல் நலம். பல நாள் உழைப்பு ஒரு நொடியிற் சேற்றில் விழலாகாதன்றோ!