வீட்டில பெரியாக்கள் ஒருத்தரும் இல்லையோ?

2024ஆம் ஆண்டு ஆவணி மாதம். கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வாழ்வாதார உதவிக்கான விபரங்களைத் திரட்டுவதற்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல வெயில். ஒரு படலையடியில் ஸ்கூட்டியை நிறுத்திக் கூப்பிட்டபோது, சட்டைக்கு மேலே துவாயைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தார். கையெல்லாம் மா. கடைகளுக்குக் கொடுப்பதற்காக இடியப்பம் அவித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"வீட்டில பெரியாக்கள் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை மிஸ். நான் மட்டும்தான் நிக்கிறன். மகன் பின்னேரம் வந்திடுவான். அவன் வந்தாப்பிறகு வாங்கோ."

சரி என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரவு படிவங்களை அடுக்கும்போதுதான் அந்த வீட்டுக்குரிய தாள் கண்ணில் பட்டது. "பெரியவர்கள் இல்லை. மீண்டும் செல்ல வேண்டும்" என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது. கிராம அலுவலர் தந்த பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கணவர் காணாமற்போனவர். மகனுக்கு 18 வயது, மகளுக்கு 16. தாய்க்கு 40. நாற்பது வயதுப் பெண்ணொருத்தி படலை வரைக்கும் வந்து என்னோடு கதைத்திருக்கிறார். அவரை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவரும் தன்னைக் கணக்கில் எடுக்கவில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். "பெண் தலைமைத்துவக் குடும்பம்" என்ற சொற்றொடரைப் பரீட்சை விடைத்தாள்களில் எத்தனை தரம் எழுதியிருப்பேனோ தெரியாது. அலுவலக அறிக்கைகளில் அது ஒரு நிரலின் தலைப்பாகவே ஆகிவிட்டது. ஆனால் படலையடியில் நின்றபோது என் வாயில் வந்தது அம்மம்மா காலத்துக் கேள்விதான். அந்தக் கேள்வியில் "பெரியாள்" என்றால் ஆம்பிளை என்று அர்த்தம். கேட்ட எனக்கும் தெரியும், பதில் சொன்ன அவருக்கும் தெரியும்.

அடுத்த நாள் காலையில் திரும்பவும் போனேன். வேண்டுமென்றே மகன் வேலைக்குப் போன பிறகு போனேன். அடுப்படியில் ஒரு பலகைக் கட்டையை இழுத்துப் போட்டுத் தந்தார். அவர் இடியப்பம் பிழியப் பிழிய நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

2009இல் அவருக்கு 25 வயது. மகனுக்கு மூன்று, மகள் கைக்குழந்தை. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது கணவர் கூட இல்லை. அறிந்தவர்கள், சொந்தக்காரர் எல்லோரும் கூடாரத்துக்கு வந்து மகனின் தலையைத் தடவி, "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். மூன்று வயது ஆம்பிளை! அவனுக்குப் பால்மாப் பைக்கற்றுக்காக வரிசையில் நின்றது தாய்தான்.

மீள்குடியேறி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்தார்கள். பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. 550,000 ரூபா. ஆனால் அந்தத் தொகையை ஒன்றாகத் தரமாட்டார்கள். ஒரு கட்டம் முடித்துக் காட்டினால்தான் அடுத்த கட்டக் காசு வரும். மணலுக்கும் கல்லுக்கும் விலை பேசியது அவர். மாரி மழைக்குள் சீமெந்து பைகளைக் கொட்டிலுக்குள்ளே அடுக்கி, அதற்குப் பக்கத்தில் பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு விழித்திருந்தது அவர். ஒருநாள் மேசன் கலவையில் சீமெந்தைக் குறைத்துப் போட்டதைக் கண்டுபிடித்து, கட்டின சுவரை உடைப்பித்துத் திரும்பக் கட்டுவித்திருக்கிறார். "அந்தச் சுவர்தான் இது" என்று மாக் கையால் தட்டிக் காட்டினார். அந்த இடத்தில் அவருடைய விரல்கள் வெள்ளையாகப் பதிந்தன.

சுவரை உடைக்கச் சொன்னவர்தான் முதல் நாள் என்னிடம் "பெரியாக்கள் ஒருத்தரும் இல்லை" என்று சொன்னவர்.

எங்களிடம் "பெரியபிள்ளை ஆகுதல்" என்று ஒரு வழக்கு உண்டு. பெண்பிள்ளையைப் பெரியவள் என்று ஊரைக் கூட்டிச் சொல்லுகிறது அந்த ஒருநாள்தான். அவருடைய மகளுக்கு அது 2021இல் நடந்தது. கொரோனாக் கட்டுப்பாட்டுக் காலம் என்பதால் நெருங்கின சனத்தோடு சுருக்கமாகச் செய்தார்கள். மாமன் வந்து தண்ணீர் வார்த்தார். ஆலாத்தி எடுக்கக் கணவரோடு வாழுகிற பெண்களைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். தாய் அடுப்படியில் நின்றார்.

"ஒருத்தரும் என்னை வரவேண்டாம் எண்டு சொல்லேல்லைத் தங்கச்சி. நான்தான் நிண்டிட்டன். நாளைக்குப் பிள்ளைக்கு ஏதும் எண்டா என்னைத்தானே சொல்லுவினம்."

மிஸ் என்று தொடங்கினவர் இந்த இடத்தில்தான் தங்கச்சி என்றார். அல்பத்தைக் கொண்டுவந்து காட்டினார். முழு அல்பத்திலும் அவர் ஒரேயொரு படத்தில் நிற்கிறார். அதுவும் பின்னுக்கு, பலகாரத் தட்டோடு. செலவுக்குச் சீட்டுப் பிடித்து, சேலை எடுத்து, போட்டோக்காரருக்கும் காசு கொடுத்தது அவர்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு 35 வயது. திருமணம் செய்யவில்லை. அம்மாவோடு இருக்கிறேன். கிணற்றுத் தண்ணீர்ப் பம்பி பழுதானால் அம்மா முதலில் வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவுக்குத்தான் போன் எடுப்பார். போனைப் பம்பிக்கு நேரே பிடித்துக் காட்டுவோம். அண்ணா பார்த்துவிட்டு, "ஆரும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ" என்பார். நான் மெக்கானிக்கைக் கூப்பிடுவேன். என் சம்பளத்தில் காசு கொடுப்பேன். பக்கத்து வீட்டு மாமி கேட்டால் அம்மா சொல்லுவார்: "பெரியவன் சொன்னவன், திருத்தியாச்சு." அண்ணாவில் குறை சொல்லவில்லை. பனிக்குள் வேலைக்குப் போய்விட்டு வந்து படுத்திருக்கிற மனிதனுக்குச் சாமத்தில் பம்பியின் படத்தை அனுப்பினால் அவர்தான் என்ன செய்வார்? வங்கியில் ஒரு நிலையான வைப்புப் போடுவதற்கு நானும் "அண்ணாவைக் கேட்டிட்டுச் சொல்லுறன்" என்று சொல்லியிருக்கிறேன். காசு என்னுடையது.

இலங்கையில் 1989இலிருந்து 18 வயது நிரம்பினால் ஒருவர் சட்டப்படி பராயமடைந்தவர். அதற்கு முன்னர் அது 21 ஆக இருந்தது. ஆனால் எங்கள் பெண்களை எந்த இடத்தில் பராயமடைந்தவர்களாகப் பார்க்கிறார்கள் என்று யோசித்தால் ஒரு விசித்திரம் தெரியும். காணிக் கந்தோருக்குப் போனால் "கூட ஆரும் வந்திருக்கினமோ" என்று கேட்கிறவர்கள் உண்டு. கிணறு வெட்ட ஆள் பிடித்தால் "ஆம்பிளையளோட கதைக்கவேணும்" என்பார்கள். ஆனால் நுண்கடன் கொடுக்க வந்தவர்கள் ஒருவரும் வீட்டில் பெரியாள் யார் என்று கேட்கவில்லை. எங்கள் கையெழுத்தே போதுமாக இருந்தது. ஐந்து பெண்கள் ஆளுக்காள் பிணை நின்றார்கள். கிழமைக்குக் கிழமை கட்டு. ஒருத்தி தவறினால் மற்ற நாலு பேரும் அவளுடைய படலைக்குப் போனார்கள். அது எங்கே போய் முடிந்தது என்பது இதை வாசிக்கிற பலருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், தவணை தவறியிருந்த பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது.

காணி விடயத்தில் சட்டத்திலேயே இந்தப் பார்வை இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அரச அனுமதிப்பத்திரக் காணிகளுக்கான 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளர் பெயர் குறிப்பிடப்படாவிட்டால், பிள்ளைகள் என்று வரும்போது மகன்மாருக்குத்தான் முன்னிடம். 2022இல் செய்த திருத்தத்தில்தான் அந்த ஆண் பெண் வேற்றுமை எடுக்கப்பட்டது. மட்டக்களப்புப் பக்கம் வீடு வளவைப் பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதுவது வழமை. அப்படியிருந்தும் 2004 சுனாமிக்குப் பிறகு புது வீடுகளைக் குடும்பத் தலைவரின் பெயருக்குக் கொடுத்தபோது, தாய்வழி வந்த பெண்ணின் வீடு பல இடங்களில் கணவரின் பெயருக்குப் போய்விட்டது. வடக்கில் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன்னுடைய சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். ஆனால் கணவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டால், அல்லது நியாயமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றக் கட்டளை பெறலாம் என்று அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. இந்தப் பின்பாதி எங்கள் பெண்கள் பலருக்குத் தெரியாது. வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேட்கலாம். முதலில் யாரிடம் போவது என்று தெரியாவிட்டால், பிரதேச செயலகத்தில் இருக்கும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போய்க் கேளுங்கள்.

அந்த அடுப்படிக்குத் திரும்பி வருகிறேன். இதையெல்லாம் ஒரு மூச்சில் அவருக்குச் சொல்லிவிட்டு, பயிற்சிப் பட்டறையில் சொல்வதுபோல, "அக்கா, இனி ஆரும் வந்து கேட்டா, நான்தான் இந்த வீட்டில பெரியாள் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

அவர் இரண்டு தட்டுப் பிழியும் வரைக்கும் பேசவில்லை.

"சொல்லலாம் தங்கச்சி. சொன்னா, அவர் வரமாட்டார் எண்டு நானே முடிவு கட்டின மாதிரி எல்லே இருக்கும்?"

எனக்கு மறுமொழி வரவில்லை. எங்கள் அறிக்கைகளில் இப்படிப்பட்ட பெண்களைப் பற்றி "தன்னம்பிக்கை குறைந்த நிலை" என்று எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன். இவருக்கு நம்பிக்கை குறைந்திருக்கவில்லை. பஸ்ஸில் கைலேஞ்சியைப் போட்டு இடம் பிடித்து வைக்கிறோமே, அப்படி 15 வருடமாக ஒருவருக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார். யாராவது வந்து கேட்டால் ஆள் வெளியில் போட்டார், வருவார் என்று சொல்லிச் சொல்லி. மகன் வந்தாப்பிறகு வாங்கோ என்று சொன்னதும் அதன் ஒரு பாகம்தான்.

இதே காரணத்துக்காகத்தான் மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று எத்தனையோ பெண்கள் நின்றார்கள். அவர்களையும் நினைத்துத்தான் 2016இல் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் கொண்டுவரப்பட்டது. அதைக் கொண்டு உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம், அவருடைய சொத்தைப் பராமரிக்கலாம். அந்தத் தாளையும் வாங்க மனமில்லாதவர்கள் இருக்கிறார்கள். வாங்கினால் தேடுவதை நிறுத்திவிட்டதாக ஆகிவிடுமோ என்று பயம். வாங்குங்கள் என்று வற்புறுத்த எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்று மட்டும் கேட்கத் தோன்றியது. இடியப்பத்துக்கு விலை வைக்கிறதும், மகளை எந்தப் பாடசாலையில் விடுகிறது என்று தீர்மானிக்கிறதும், மேசனின் சுவரை உடைக்கச் சொல்லுகிறதும் அவர்தான். அதை வாயால் சொல்லுவதால் கணவரின் இடம் பறிபோய்விடுமா? அன்று அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுடுதண்ணீரை ஊற்றினது போல இருந்திருக்கும்.

இப்போது படலையடியில் நான் அந்தப் பழைய கேள்வியைக் கேட்பதில்லை. "உங்களோட கொஞ்சம் கதைக்கலாமோ அக்கா?" என்கிறேன். அப்படிக் கேட்டாலும் பாதிப்பேர் "இருங்கோ, அவரைக் கூப்பிடுறன்" என்று உள்ளே போகிறார்கள். போகட்டும்.

2024 முடிகிற நேரம் குடிசனத் தொகைமதிப்புக்கு வந்தார்கள் அல்லவா? தை பிறந்தபின் வேறு அலுவலாக அந்த வீட்டுக்குப் போனபோது அக்கா தானாகவே அந்தக் கதையைச் சொன்னார். ஒரு இளம் உத்தியோகத்தர் ரப்லெட்டோடு வந்து திண்ணையில் இருந்து, "குடும்பத் தலைவர் ஆர் அம்மா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா கணவரின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவர் இப்போது இங்கே இருக்கிறாரா என்று கேட்டதும் விபரத்தைச் சொல்லியிருக்கிறார். அந்தத் தம்பி கொஞ்சநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, வீட்டில் வசிக்கிறவர்களைத்தான் பதியலாம் என்று விளங்கப்படுத்தினாராம்.

மகன் கதவடியில் நின்று, "அப்ப என்ர பேரைப் போடுங்கோ" என்றிருக்கிறான்.

"நீ சும்மா இரு" என்று அவனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "என்ர பேரைப் போடுங்கோ தம்பி. அவர் வந்தா மாத்திக் குடுக்கலாம்தானே?" என்று கேட்டாராம்.

முந்தின கணக்கெடுப்பு 2012இல் நடந்தது. அடுத்தது எப்போது வரும் என்று அந்தத் தம்பிக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

"ஓம் அம்மா, மாத்தலாம் எண்டு சொன்னவர்" என்றார் அக்கா.