தனியே நடந்த மூதாட்டிக்குக் காடு கற்றுத்தந்த பணிவு

காட்டுப் பாதையில் நாள்கணக்கில் தன்னந்தனியாக நடப்பது, உடல் வலிமையையும் துணிச்சலையும் காட்டும் செயலாகவே பலருக்குத் தோன்றும். ஆனால், அத்தகைய பயணத்தை முடித்துத் திரும்புவோர் பலர் பேசுவது பணிவைப் பற்றி. காட்டில் தனியாக நடப்பது எப்படிப் பணிவைத் தருகிறது? அமெரிக்காவைச் சேர்ந்த எம்மா கேட்வுட்டின் கதை இதை நன்கு விளக்குகிறது.

அப்பலாச்சியன் நெடும்பாதை அமெரிக்காவின் 14 மாநிலங்களைக் கடந்து செல்கிறது. 1955ஆம் ஆண்டில் அதன் நீளம் ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர். அப்பாதையைத் தனியாக, ஒரே பருவத்தில் நடந்து முடித்த முதல் பெண் எம்மா. அப்போது அவருக்கு வயது 67. அவர் 11 பிள்ளைகளின் தாய், பேரப்பிள்ளைகளும் இருந்தனர்.

துன்பத்தில் கிடைத்த புகலிடம்

எம்மாவுக்கு 19 வயதில் திருமணம் நடந்தது. பல்லாண்டு காலம் கணவரின் அடி உதைகளைத் தாங்கி வாழ்ந்த அவர், 1940களின் தொடக்கத்தில் மணவிலக்குப் பெற்றார். வீட்டில் அடிதடி எல்லை மீறும்போது, அருகிலிருந்த காட்டுக்குள் சென்று ஒதுங்குவது அவரது வழக்கம். மற்றவர்கள் அஞ்சும் காடு, அவருக்கு அமைதி தந்த இடமாக இருந்தது.

பிள்ளைகள் வளர்ந்து தத்தம் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு, ஒரு சஞ்சிகையில் அப்பலாச்சியன் பாதை பற்றிய கட்டுரையை அவர் படித்தார். அதைத் தனியாக ஒரே பருவத்தில் நடந்து முடித்த பெண்கள் யாரும் அதுவரை இல்லை. தானே நடப்பது என்று அவர் முடிவுசெய்தார்.

முதல் பாடம் தோல்வி

1954ல், பாதையின் வடமுனையான மேய்ன் மாநிலத்திலிருந்து தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கினார். சில நாள்களிலேயே வழி தவறியது. மூக்குக்கண்ணாடி உடைந்தது. உணவும் தீர்ந்தது. வீட்டுக்குத் திரும்பும்படி வனக்காவலர்கள் கூறியதை ஏற்று அவர் ஊர் திரும்பினார்.

அந்தத் தோல்விக்குப் பிறகும் அவர் ஆசையைக் கைவிடவில்லை. மறு ஆண்டு மே மாதம், இம்முறை தென்முனையான ஜார்ஜியாவிலிருந்து புறப்பட்டார். “சற்று நடந்துவிட்டு வருகிறேன்” என்ற அளவில்தான் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். தாமே தைத்த துணிப்பை, ஒரு போர்வை, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் குளியலறைத் திரை, சில உணவுப்பொருள்கள் ஆகியவையே அவரது சுமை. கூடாரமோ தூக்கப்பையோ இல்லை. காலில் சாதாரணத் துணிக் காலணி.

தனிப்பயணமும் பிறர் உதவியும்

தனியாக நடந்தாலும், அப்பயணம் பிறர் உதவியின்றி நிறைவேறவில்லை. வழியில் முன்பின் அறியாத பலர் அவருக்கு உணவும் படுக்க இடமும் தந்தனர். சிலர் கதவைச் சாத்திக்கொண்டதும் உண்டு. அத்தகைய இரவுகளில் காய்ந்த இலைகளைப் பரப்பி அதன்மேல் உறங்கினார்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் இரண்டு சூறாவளிகள் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைத் தாக்கின. வெர்மோன்ட் மாநிலத்தில் பெருக்கெடுத்து ஓடிய ஆற்றைத் தனியாகக் கடக்க முடியாமல் எம்மா காத்திருந்தார். அவ்வழியே வந்த இரண்டு இளையர்கள் தங்களோடு அவரைக் கயிற்றால் பிணைத்து அக்கரை சேர்த்தனர். பேரன் வயதுள்ளவர்களின் கையைப் பிடித்துக்கொள்ள அவர் தயங்கியிருந்தால், பயணம் அந்த ஆற்றங்கரையிலேயே முடிந்திருக்கும்.

செப்டம்பர் 25ஆம் தேதி, மேய்னில் உள்ள கட்டாடின் மலையுச்சியை அவர் அடைந்தார். 1957ல் அதே பாதையை மீண்டும் முழுமையாக நடந்தார். மூன்றாவது முறை, பகுதி பகுதியாக நடந்து 1964ல் முடித்தார்.

காட்டில் என்ன நடக்கிறது?

ஊரில் ஒருவருக்குப் பதவி, வயது, வசதி எனப் பல அடையாளங்கள் உண்டு. மழைக்கும் மேட்டுக்கும் அவை பொருட்டல்ல. அடுத்த ஓடை எங்கே, இருட்டுவதற்குள் எங்கே தங்குவது என்பவையே அங்கு முக்கியக் கேள்விகள். தவறான முடிவின் விலையை நடப்பவரே உடனே கொடுக்க வேண்டியுள்ளது. பழிபோட அருகில் யாரும் இருப்பதில்லை. தன் அளவு என்ன என்பது அப்போது தெளிவாகத் தெரிகிறது.

வாழ்வின் பொருளும் இப்படித்தான் மெல்லப் பிடிபடுகிறது. அதே பாதையை 1948ல் முதன்முதலாக ஒரே பயணத்தில் நடந்து முடித்ததாக அறியப்படும் ஏர்ல் ஷாஃபர், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர். போரில் நெருங்கிய நண்பரை இழந்த துயரத்துடன் அவர் நடந்தார். துயரம் மறையாவிட்டாலும், நாள்தோறும் முன்னே செல்ல ஒரு வழி அவருக்கு இருந்தது.

நம் வட்டாரத்தில்

இந்தக் கதைகளைப் படித்ததும் காட்டுக்குத் தனியே கிளம்பிவிடக் கூடாது. கினபாலு மலையிலும் தீபகற்ப மலேசியாவின் ஆக உயரமான தாஹான் மலையிலும் ஏற வழிகாட்டி கட்டாயம். விதியை மதிப்பதும் பணிவின் ஒரு பகுதியே. தனியாக நடக்க விரும்புவோர், அடையாளமிடப்பட்ட பூங்காப் பாதைகளில் தொடங்கலாம். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் சொல்லிச் செல்வது அவசியம். இடிமேகம் திரண்டால், இலக்கு எவ்வளவு அருகில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

எம்மாவும் ஒருமுறை அப்படித் திரும்பியவர்தான். மறு ஆண்டு மீண்டும் புறப்பட அவருக்கு உயிரும் உடல்நலமும் எஞ்சியிருந்தது அதனால்தான்.