மடிக்கணினியும் கோடை வெப்பமும்

காசியில் மே மாதம் பிறந்துவிட்டால் விடுதி அறைக்குள் நாற்பது டிகிரி வெப்பம் அரிதன்று. 'லூ' என்று இங்குள்ளோர் கூறும் அனற்காற்று பகலெல்லாம் வீசும். ஆய்வேட்டை முடிக்க வேண்டிய காலமும் அதுவே! அவ்வேளையில் கணினி மந்தமாகிவிட, "கூலிங் ஸ்டாண்டு வாங்கலாமா, அண்ணா?" என்று இளைய மாணவர்கள் என்னைக் கேட்கின்றனர். கல்விக் கடனில் வாங்கிய ஒரே கணினி. பட்டம் பெறும்வரை அது உழைத்தாக வேண்டும். ஆதலின் சற்று விளக்கமாகவே கூறுகிறேன்.

கணினியின் மூளையாகிய பிராசசர், வேலை மிகுந்தோறும் சூடாகின்றது. அச்சூட்டைச் செப்புக் குழாய் ஒன்று வாங்கி, மெல்லிய உலோகத் தகடுகளின் அடுக்கிற்குக் கொண்டு சேர்க்கின்றது. உள்ளிருக்கும் சிறு விசிறி, பெரும்பாலும் அடிப்பக்கத் துளைகளின் வழியே காற்றை இழுத்து, அத்தகடுகளின் ஊடே செலுத்தி வெளியேற்றுகின்றது. பல பிராசசர்களுக்கு 100 டிகிரி செல்சியசே எல்லை. அதனை நெருங்கினால், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'தூங்குமூஞ்சி' என்று நாம் திட்டுவது அந்தத் தற்காப்பைத்தான்.

ஸ்டாண்டின் முதற் பயன், அடித்துளைகள் மூச்சுவிட இடம் தருவது. இதற்கு விசிறிகூட வேண்டியதில்லை. துளைகளை மறைக்காமல் பின் விளிம்பின் கீழ் இரண்டு மரக்கட்டைகளை வைத்தாலே பெரும்பயன் கிட்டும். விசிறியுள்ளதை வாங்குவதாயின், முதலில் உங்கள் கணினியைத் திருப்பிப் பாருங்கள். துளை ஓரத்தில் இருக்க, ஸ்டாண்டின் விசிறி நடுவில் சுழன்றால் காசு வீண்.

மேலும், விசிறி தள்ளுவது அறைக் காற்றைத்தான். அதனினும் குளிர்ச்சி அதனால் தர இயலாது. ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினிகளுக்கு 10 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலையே பரிந்துரைக்கின்றது. நம் அறையோ மே மாதத்தில் அவ்வெல்லையைத் தாண்டிவிடுகின்றது. நீண்ட கணக்கீடுகளை விடியற்காலையில் ஓட்டுங்கள். என் கருத்தில் எந்த ஸ்டாண்டினும் அது மேல்.

குளிர்காலத்திலும் இத்தொல்லை உண்டு. ரஜாய்க்குள் கணினியை அணைத்துக்கொண்டு படம் பார்க்கும் நண்பர்கள் கவனிக்க! பஞ்சு துளைகளை அடைத்துவிடும். இழையும் தூசியும் தகடுகளில் படியும். படிந்த தூசியை ஸ்டாண்டு நீக்காது. உள்ளே துப்புரவு செய்துதான் ஆக வேண்டும்.

பேட்டரி உப்பி அடித்தகடு புடைத்திருந்தால் ஸ்டாண்டைத் தேட வேண்டா. உடனே அணைத்து, மின்னேற்றுவதை நிறுத்தி, பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள். அதனை நீங்களே குத்தியோ அழுத்தியோ பார்க்க வேண்டா. லித்தியம் பேட்டரி தீப்பற்றக் கூடியது.