லயத்துக்குப் பின்னால் குசினி கட்டுமுன்

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். மூத்தவனுக்குக் கல்யாணம் பேசியாயிற்று. சின்னவள் படிக்க ஒரு மூலை வேண்டும். இருப்பதோ ஒரு காம்பராவும் ஓர் இஸ்தோப்பும். அப்போது எல்லோருக்கும் வரும் யோசனை ஒன்றுதான்: "பின்னால கொஞ்சம் எடம் சும்மா கெடக்கே, ஒரு குசினிய எறக்கிட்டா என்ன?"

நியாயமான யோசனைதான். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சேமலாப நிதிக் காசையோ, வெளிநாட்டில் வேலை செய்யும் மகள் அனுப்பிய காசையோ சீமெந்தில் போடுமுன் மூன்று இடத்தில் கேட்க வேண்டும். தோட்ட ஆபிஸ், பிரதேச சபை, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவையே அந்த மூன்றும்.

இந்த மண் யாருடையது?

"எங்க தாத்தா காலத்துல இருந்து இந்தக் காம்பராவுலதான் இருக்கோம்" என்று நாம் சொல்கிறோம். அது உண்மை. ஆனால் லயத்துக்கு நம் பேரில் உறுதிப் பத்திரம் இல்லை. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெரும்பாலான தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் அவற்றை நடத்தும் பொறுப்பு பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. பின்னர் குத்தகையும் எழுதப்பட்டது. ஆகவே அந்தத் தோட்டங்களில் மண் அரசாங்கத்துடையது, குத்தகைக்காரர் கம்பனி. குடியிருக்கும் நாம் பத்திரம் இல்லாதவர்கள். இது சரியா பிழையா என்பது பெரிய வழக்கு. ஆனால் பின்னால் ஒரு சுவர் எழுப்பும்போது இந்த நிலைமையை மனதில் வைத்தே செய்ய வேண்டும்.

முதலாவது: தோட்ட ஆபிஸ்

"தொரைகிட்ட வாயால கேட்டுட்டோம், சரின்னுட்டாரு" என்பது போதாது. இன்றைக்கு இருக்கும் துரை நாளை மாற்றலாகிப் போவார். புதிதாக வருபவர் "யார் கட்டச் சொன்னது?" என்று கேட்டால் காட்ட ஒரு கடதாசி வேண்டும்.

கடிதத்தில் செக்ரோலில் பேர் பதிந்தவரின் பெயர், லயத்தின் இலக்கம், காம்பரா இலக்கம், கட்டப்போவது எத்தனை அடிக்கு எத்தனை அடி, சுவர் எதனால், கூரை எதனால் என்பவற்றை எழுதுங்கள். கையால் வரைந்த ஒரு படத்தையும் வையுங்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் ஆபிஸ் முத்திரையும் திகதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டத்தில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அதன் மூலமாகவும் கேட்கலாம்.

பக்கத்துக் காம்பராக்காரரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். லயத்தில் நடுச்சுவரும் கூரையும் பொது. உங்கள் தகரத்துத் தண்ணீர் அவர் சுவரில் இறங்கினாலும், உங்கள் அடுப்புப் புகை அவர் காம்பராவுக்குள் போனாலும் சண்டை வரும். பின்னாலுள்ள பொதுக் கானை மூடிக் கட்டவே கூடாது. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் பின்பக்கம் என்பதே கிடையாது. அங்கே வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது: பிரதேச சபை

"தோட்டத்துக்குள்ள சபைக்கு என்ன வேலை?" என்று பழையவர்கள் கேட்பார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளைப் பெரும்பாலும் ஒதுக்கியே வைத்திருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டு, சபைகள் தோட்டங்களுக்குள்ளும் வேலை செய்ய வழி திறந்தது.

கட்டடத்துக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும் என்ற விதி அதற்கும் பழையது. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. புதிய கட்டடத்துக்கு மட்டுமல்ல, இருக்கும் கட்டடத்தை மாற்றவும் கூட்டவும் அனுமதி வேண்டும். நகர அபிவிருத்திப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

சபையில் விண்ணப்பப் படிவம் வாங்கி, கட்டட வரைபடத்தோடு கொடுக்க வேண்டும். காணி உரித்துக்கு அத்தாட்சி கேட்பார்கள். லயத்தில் இருப்பவருக்கு அங்கேதான் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் உதவும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து இடத்தைப் பார்ப்பார். பின்பக்கம் எத்தனை அடி வெறுமையாக விட வேண்டும், ஜன்னல் எங்கே வர வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. அந்தத் திகதிக்குள் வேலையை முடியுங்கள். முடிந்தபின் இணக்கச் சான்றிதழ் வாங்க மறக்காதீர்கள்.

மூன்றாவது: பின்னால் நிற்கும் மேடு

இதுதான் உயிர்ப் பிரச்சினை. மலைநாட்டில் பின்னால் இடம் எடுப்பது என்றால் மேட்டை வெட்டுவதுதான். நெட்டுக்குத்தாக வெட்டிய மண் வெயில் காலத்தில் சுவர்போல நிற்கும். தொடர்ந்து மழை பெய்தால் மண் தண்ணீர் குடித்துப் பாரமாகும், அதன் பிடிமானம் தளரும். அடியில் தாங்கியிருந்த மண்ணை நாம்தான் வெட்டி எடுத்துவிட்டோம். பிறகு அது எங்கே வரும்? நேராகக் குசினிக்குள்தான்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. 2025 நவம்பரில் டித்வா புயல் மழை மலைநாடெங்கும் மண்சரிவுகளைக் கொண்டுவந்தது. முழு மலையும் சரிவதைத் தனி ஒரு குடும்பம் தடுக்க முடியாது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மேடு விழுவதை நாம் தடுக்கலாம்.

ஆகவேதான் நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி போன்ற மண்சரிவு மாவட்டங்களில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கேட்கப்படுகிறது. மாவட்ட அலுவலகத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சபையில் கேட்டால் சொல்வார்கள். "இங்கே வெட்டாதே" என்று அவர்கள் எழுதிவிட்டால், மனவருத்தமாக இருந்தாலும் கேளுங்கள். வெட்டலாம் என்றாலும் அணைசுவர் கட்டி, அதில் தண்ணீர் வெளியேறத் துவாரம் விட்டு, மேட்டுக்கு மேலே கான் வெட்டித் தண்ணீரை ஒதுக்குப்புறமாகத் திருப்ப வேண்டும்.

தனி வீடு கிடைத்தவர்கள்

இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு கிடைத்தவர்களும் உண்டு. 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. கூட்டிக் கட்ட இடம் இருக்கிறது. ஆனால் பத்திரம் கையில் இருந்தாலும் சபை அனுமதியும் மண் பரிசோதனையும் அவர்களுக்கும் வேண்டும். மலக்குழியின் மேல் சுவர் வராமலும் எல்லைக்கல்லைத் தாண்டாமலும் பாருங்கள்.

"ஏற்கனவே கட்டிட்டோமே!"

பயந்து ஒளிக்க வேண்டாம். முதலில் மேட்டைப் பாருங்கள். வெடிப்பு, புதிதாக ஊற்று, சாய்ந்த மரம், சுவரில் புதுக் கோடு என்று ஏதாவது தெரிந்தால் அந்த அறையில் யாரையும் படுக்கவிடாதீர்கள். கிராம உத்தியோகத்தருக்கும் ஆபிசுக்கும் உடனே சொல்லுங்கள். ஆபத்து எதுவும் தெரியாவிட்டாலும், கட்டியதைப் படம் வரைந்து ஆபிசுக்கு எழுதிக் கொடுத்து, சபையிலும் என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.

அலைச்சல்தான், மறுக்கவில்லை. பெரட்டுக்குப் போகும் நாளில் அரைநாள் சம்பளம்கூடப் போகலாம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து தலைவரையும் கூட்டிக்கொண்டு போனால் ஒரே நடையில் பல வேலை முடியும். வாங்கும் கடதாசிகள் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு நட்டஈடு என்றாலும், காணி உரிமை என்றாலும், முதலில் கேட்கப்படுவது அந்தக் கடதாசிதான்.