கூட்டுப் பணி மென்பொருள்: வாடகையும் உரிமையும்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நினைவு அதன் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. நூல் கொள்முதல் செய்தது என்ன விலையில், நெசவுக் கூலியை உயர்த்த இசைந்தது எந்தக் கூட்டத்தில், கடனுக்குத் தவணை நீட்டித்தபோது பிரேரேபித்தவர் யார், ஆமோதித்தவர் யார் என்பனவற்றையெல்லாம் பல ஆண்டுகளுக்குப் பின்னும் எடுத்துக் காட்டுவது அப்புத்தகமே. தணிக்கையாளர் வந்தாலும், அங்கத்தினர்களிடையே வழக்கு எழுந்தாலும் முதலில் கேட்கப்படுவது அதுதான். அதனை நமக்கு விற்ற காகிதக் கடைக்காரர், விற்ற அன்றே அதில் தமக்குள்ள பாத்தியதையை இழந்துவிடுகிறார். ஓராண்டு கழித்து வந்து, "பழைய பக்கங்களைப் புரட்ட வேண்டுமானால் தலைக்கு இவ்வளவு கொடுங்கள்" என்று அவர் கேட்க இயலாது.

ஆனால் இன்று சங்க அலுவல் பற்றிய பேச்சு புத்தகத்தைவிட்டு நெடுந்தூரம் வந்துவிட்டது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை, 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. கணக்கே கணிப்பொறிக்கு மாறும் காலத்தில் பேச்சும் அவ்வாறு மாறுவது இயல்பே. பல சங்கங்களில் அவசர முடிவுகள் கைப்பேசிக் குழுவிலேயே எடுக்கப்படுகின்றன. அப்பேச்சு அவரவர் கைப்பேசியில் தங்குகிறதேயன்றிச் சங்கத்தின் அலமாரியில் தங்குவதில்லை. காரியதரிசி மாறினால் அவருடைய கைப்பேசியும் அவரோடு போய்விடுகிறது.

இக்குறையைத் தீர்க்கவென்றே விற்கப்படுவது கூட்டுப் பணி மென்பொருள். ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், சோஹோ கிளிக் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. கொள்முதலுக்கு ஓர் அறை, விற்பனைக்கு ஓர் அறை, நிர்வாகக் குழுவிற்கு ஓர் அறை என்று பிரித்துக்கொண்டு, அவ்வவற்றில் பேசலாம், தஸ்தாவேஜுகளை வைக்கலாம், தேடியும் எடுக்கலாம். வசதி பெரிது என்பதில் ஐயமில்லை. அவ்வசதிக்கு நாம் கொடுக்கும் விலை யாது, அவ்விலைக்கு நமக்குக் கிட்டும் உரிமை யாது என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது.

தலைக்கு இவ்வளவு வாடகை

இத்தகைய மென்பொருள் பெரும்பாலும் விற்கப்படுவதில்லை, வாடகைக்கே விடப்படுகிறது. அவ்வாடகை ஆள் கணக்கிலே கூடுகிறது. ஸ்லாக்கின் கட்டணத் திட்டங்களில் கீழ்ப்படியிலுள்ளது, ஆண்டுச் சந்தா செலுத்துவோருக்கு அமெரிக்க விலைப்படி தலைக்கு மாதம் 6.67 டாலராக இருந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் அது 7.25 டாலராக உயர்ந்தது. இருபது பேர் பணிபுரியும் ஓர் அலுவலகத்திற்கு இது ஆண்டொன்றுக்கு 1,740 டாலர் ஆகிறது. நாட்டுக்கு நாடு விலை வேறுபடும். தலைக்கு இவ்வளவு என்னும் முறை மட்டும் வேறுபடுவதில்லை.

கம்பெனிக்கு இம்முறை பொருந்தும். அங்கே பேசவேண்டியவர்கள் சம்பளம் பெறும் ஊழியர்களே. ஊழியர் கூடினால் வருமானமும் கூடும் என்பது அதன் கணக்கு. கூட்டுறவுச் சங்கமோ அத்தகையதன்று. அலுவலகத்தில் ஐவர் இருப்பர். அங்கத்தினர்களோ அறுநூறு பேர் இருப்பர். அந்த அறுநூறு பேரே சங்கத்தின் உடைமையாளர்கள். அனைவரையும் அறைக்குள் அழைத்தால், மேற்சொன்ன விலையில் ஆண்டொன்றுக்கு 52,200 டாலர் கேட்கப்படும். எந்தச் சங்கமும் அத்தொகையைச் செலுத்தப் போவதில்லை. ஆகவே என்ன நேரும்? அலுவலகத்தார் ஐவரும் உள்ளே இருந்து பேசுவர். தறியில் இருப்பவரும் வயலில் இருப்பவரும் வெளியே நிற்பர். எந்தப் பொதுச்சபையும் அவ்வாறு தீர்மானித்ததில்லை. விலைப்பட்டியல் தானே அதனைத் தீர்மானித்துவிடுகிறது. இதனையே நாம் முதலில் உணரவேண்டும்.

இலவச அறையின் கெடு

"வாடகை இல்லாத திட்டமும் உண்டல்லவா?" என்று சிலர் கேட்கலாம். உண்டு. அதற்கு ஒரு கெடுவும் உண்டு. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் முன்னர் அண்மைய 10,000 செய்திகள் வரை பார்க்க முடிந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அண்மைய 90 நாட்களின் பேச்சு மட்டுமே கண்ணுக்குத் தெரியும் என்று விதி மாறியது. அதற்கு முந்தியவை மறைந்திருக்கும். சந்தா கட்டினால் திரும்பத் தோன்றும். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல், ஓராண்டுக்கு மேற்பட்ட பேச்சை இலவச அறைகளிலிருந்து அடியோடு அழிக்கத் தொடங்கினர். அழிந்த பின் பணம் கட்டியும் பயனில்லை.

நெசவாளரின் வேலை தைக்கு ஒரு வகை, ஆடிக்கு ஒரு வகை என்று ஆண்டு முழுவதும் சுற்றி வருவது. சென்ற ஆண்டு பண்டிகைச் சரக்கிற்கு எந்தச் சாயப் பட்டறைக்கு என்ன விலை பேசினோம் என்பதை அடுத்த பண்டிகைக்கு முன்னர்தான் தேடுவோம். பயிரிடுவோர்க்கும் அவ்வாறே, விதை பற்றிய பேச்சு அடுத்த பட்டத்தில்தான் வேண்டப்படும். 90 நாள் நினைவுடைய அறை பட்டம் ஒன்றுக்குக்கூடப் போதாது. விதியை மாற்றிய நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் இடம்பெற்ற உரிமையைக் கொண்டே மாற்றியது. அதனைக் குறைகூறிப் பயனில்லை. விலையில்லாமல் குடியிருப்பவர், வீட்டுக்காரர் விதியை மாற்றும் நாளுக்கு ஆயத்தமாக இருக்கவேண்டும்.

பணம் கொடுத்தோர்க்கும் நேர்ந்தவை

சந்தா கட்டினோர் நிலையும் முற்றிலும் பத்திரமானதன்று. அட்லாசியன் என்னும் ஆஸ்திரேலிய நிறுவனம் ஹிப்சாட் என்ற அலுவலக உரையாடல் மென்பொருளை நடத்தி வந்தது. 2018-ஆம் ஆண்டு ஜூலையில் அதனைப் போட்டியாளரான ஸ்லாக்கிற்கு விற்பதாக அறிவித்து, 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூடிவிட்டது. அதில் குடியிருந்த அலுவலகங்கள் ஏழு மாதங்களுக்குள் வேறிடம் தேடவேண்டியதாயிற்று. மெட்டா நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வொர்க்பிளேஸ் என்பதும் அத்தகைய முடிவையே அடைந்தது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிவிப்பு வந்தது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தோடு வழக்கமான பயன்பாடு நின்றது.

"வாடகையே வேண்டாம், நிலையான உரிமம் வாங்கி எங்கள் சொந்தக் கணிப்பொறியில் வைத்துக்கொள்வோம்" என்று எண்ணியவர்களும் இருந்தனர். கான்ஃப்ளூயன்ஸ் முதலிய அட்லாசியன் மென்பொருள்களைப் பலர் அவ்வாறே வாங்கியிருந்தனர். அந்நிறுவனம் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவ்வகைப் புதிய உரிமங்களை விற்பதை நிறுத்தியது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பராமரிப்பையும் நிறுத்தியது. உரிமம் இன்றும் செல்லும், மென்பொருளும் ஓடும், ஆனால் பழுது பார்ப்பார் இல்லை. பூட்டில் குறை கண்டால் சரிசெய்ய ஆளில்லாத கிடங்கில் சங்கச் சரக்கை எவரும் வைப்பதில்லை.

யூரியாவோடு வந்த பொட்டலம்

யூரியா மூட்டை கேட்டு வந்த விவசாயியிடம், வேண்டாத வேறொரு பொட்டலத்தையும் சேர்த்து வாங்கினால்தான் மூட்டை கிடைக்கும் என்று சொல்லும் கடைகளை நம் அங்கத்தினர்கள் அறிவர். மென்பொருள் வாணிபத்திலும் இதற்கு ஒத்த ஒரு வழக்கு நடைபெற்றது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கடிதம், கணக்கு, அஞ்சல் ஆகியவற்றிற்கான தன் ஆஃபீஸ் தொகுப்போடு டீம்ஸ் மென்பொருளையும் சேர்த்தே அளித்து வந்தது. தொகுப்பை வாங்கியவருக்கு டீம்ஸ் தனிச் செலவின்றிக் கிடைத்தது போலத் தோன்றியது. ஆயினும் பிறருடைய உரையாடல் மென்பொருளுக்கு வேறாகப் பணம் கொடுக்க யார் முன்வருவர்? 2020-ஆம் ஆண்டு ஜூலையில் ஸ்லாக் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் செய்தது. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் ஆணையம் முறையான விசாரணையைத் தொடங்கிற்று. அவ்வாண்டே ஐரோப்பாவிலும், 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் உலகெங்கும் டீம்ஸைத் தனியே பிரித்து விற்க அந்நிறுவனம் முன்வந்தது. பெருநிறுவனங்களுக்கு டீம்ஸின் தனி விலை தலைக்கு மாதம் 5.25 டாலர் என்று அப்போது வெளியிடப்பட்டது. சேர்த்துக் கொடுத்தபோது தெரியாதிருந்த விலை, பிரித்தபோது தெரியவந்தது.

2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆணையம் அந்நிறுவனத்தின் உறுதிமொழிகளை ஏற்று வழக்கை முடித்தது. டீம்ஸ் இல்லாத தொகுப்பைக் குறைந்த விலைக்கு விற்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வாடிக்கையாளர் தம் பேச்சுப் பதிவுகளை டீம்ஸிலிருந்து எடுத்துச் சென்று போட்டியாளரின் மென்பொருளில் பயன்படுத்த வழிசெய்ய வேண்டும் என்பது மற்றொன்று. பின்னதற்குப் பத்தாண்டுக் காலம் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கண்டத்தின் அரசாங்கங்கள் கூடி அமைத்த ஆணையம் தலையிட்டே, நம் பேச்சை நாம் எடுத்துச் செல்லும் வழி உறுதிப்பட வேண்டியிருந்தது. அவ்வுரிமையைப் பின்னர் கேட்டுப் பெறுவது எளிதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

சொந்தத் தறி

வாடகைத் தறியில் நெய்பவருக்கும் சொந்தத் தறியில் நெய்பவருக்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். மென்பொருளிலும் சொந்தத் தறி உண்டு. அதுவே கட்டற்ற மென்பொருள். 1983-ஆம் ஆண்டு ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது இது. எக்காரியத்திற்கும் இயக்கலாம், உள்ளே பார்த்துக் கற்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்னும் நான்கு உரிமைகளை இதன் உரிமம் அளிக்கிறது. தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு அதில் இல்லை. உரையாடலுக்கு ஜூலிப், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட் ஆகியவை இவ்வகையின. நியூஜிலாந்தின் வெலிங்டன் நகரில் 2012-ஆம் ஆண்டு தொழிலாளர் கூட்டுறவாகவே அமைந்த ஒரு குழுவினர், கூடி விவாதித்து முடிவெடுப்பதற்கென்று லூமியோ என்ற கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். கூட்டுறவாளர்களின் தேவையைக் கூட்டுறவாளர்களே நிறைவேற்றிக்கொண்டதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

அரசாங்கங்களும் இவ்வழியில் இறங்கியுள்ளன. பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்காக 2019-இல் சாப் என்னும் உரையாடல் மென்பொருளை மேட்ரிக்ஸ் என்ற திறந்த முறையின்மீது அமைத்தது. ஜெர்மனியின் வடகோடி மாநிலமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன், 2024-ஆம் ஆண்டு சுமார் 30,000 அலுவலகக் கணிப்பொறிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றத் தீர்மானித்தது. 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் தன் அஞ்சல் முறையையும் மாற்றி முடித்தது. இடையில் இடைஞ்சல்கள் இல்லாமலில்லை.

சொந்தத் தறிக்குச் செலவே இல்லை என்று எவரும் மயங்கவேண்டா. அதனை நிறுத்த இடம் வேண்டும். அறுந்தால் கட்ட ஆள் வேண்டும். சர்வருக்கு வாடகை உண்டு. பார்த்துக்கொள்ள ஒருவருக்கு ஊதியம் உண்டு. நாள்தோறும் மறுபிரதி எடுத்துவைக்கும் ஒழுங்கும் வேண்டும். ஒரு சிறு சங்கம் தனித்து இதனைச் சுமப்பது அரிது. பத்துச் சங்கங்கள் சேர்ந்தால் ஒரு சர்வரும் ஓர் ஆளும் போதும். நூலைத் தனித்தனியே வாங்கி நஷ்டப்பட்ட நாம், சேர்ந்து வாங்கக் கற்றது இம்முறையில்தானே? அங்கத்தினர் ஒருவர் கூடினால் செலவும் அதே அளவில் கூடுவதில்லை என்பதால், அறுநூறு பேரையும் உள்ளே அழைக்க முடியும்.

நிர்வாகக் குழு கேட்கவேண்டியவை

எல்லாச் சங்கமும் உடனே சொந்தத் தறிக்கு மாறவேண்டும் என்பது நம் கருத்தன்று. வாடகை அறையே ஒரு சங்கத்திற்கு ஏற்றதாகவும் இருக்கலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தென்காசிப் பக்கத்திலும் அலுவலகம் நடத்தும் சோஹோ போன்ற நம்மவர் நிறுவனமாயினும் சரி, கடல் கடந்த நிறுவனமாயினும் சரி, கையெழுத்திடுமுன் கேட்கவேண்டிய கேள்விகள் ஒன்றே.

முதலாவது, வாடகை ஊழியர் கணக்கிலா, அங்கத்தினர் கணக்கிலா? அங்கத்தினர் அனைவரும் நுழைந்தால் என்ன ஆகும்?

இரண்டாவது, பழைய பேச்சு எத்தனை நாள் இருக்கும்? சந்தா நின்றால் அதன் கதி என்ன?

மூன்றாவது, எல்லா அறைகளின் பேச்சையும் கோப்புகளையும் வேறு மென்பொருள் படிக்கத்தக்க வடிவில் நாமே எடுத்துக்கொள்ளலாமா? அதற்கு உயர்ந்த திட்டம் வாங்கவேண்டுமா?

நான்காவது, அறையின் சாவி யார் பெயரில் இருக்கிறது? காரியதரிசியின் சொந்த அஞ்சல் முகவரியில் இருந்தால், அது சங்கத்தின் அறை ஆகாது.

ஐந்தாவது, இரண்டாம் ஆண்டு விலை எழுத்தில் இருக்கிறதா?

இவற்றோடு ஒரு பழக்கத்தையும் மேற்கொள்ள வேண்டுகிறோம். எந்த மென்பொருளில் பேசினாலும், மூன்று மாதத்திற்கு ஒருமுறை முழுப் பதிவையும் எடுத்துச் சங்கத்தின் சொந்தத் தட்டில் சேமித்துவைக்க வேண்டும். முடிவாகிய தீர்மானங்களைக் காகிதத்தில் அச்சிட்டுத் தலைவரின் கையொப்பத்தோடு தீர்மானப் புத்தகத்தில் சேர்க்கவேண்டும். செலவு சில தாள்களே. இதனை எப்போதோ ஒருநாள் செய்வோம் என்று விட்ட சங்கத்திற்கு, அறை மூடப்படும் அறிவிப்பு வந்த பின் பதைப்பே மிஞ்சும்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளைச் சேர்த்து, மேற்கண்ட ஐந்து கேள்விகளுக்கும் விடைகளை எழுதி வைப்போமாக. சந்தாத் தொகை பெரிதா சிறிதா என்று அதன் பின்னரே ஆராயலாம்.